பெயின்ட் காயாத சைக்கிள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முழங்கால் அவரைப் படியேற விடுகிறதா? நான் வாங்கி அனுப்பிய எண்ணெயைத் தடவிப் பார்த்தாரா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா?

இத்துடன் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். பேர் 'பெயின்ட் காயாத சைக்கிள்'. குற்றக் கதைதான், ஆனால் ரத்தம் கித்தம் எதுவும் கிடையாது. ஒரு மாடி வீடு. மேலே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் குடியிருக்கிறார். கீழே ஒரே குடும்பத்தில் ஆறு பேர், ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இன்ஸ்பெக்டரின் சைக்கிள் காணாமல் போகிறது. அன்றைக்கென்று பார்த்துக் கொல்லைப்புறத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. பெரியப்பா பார்க்கிறார். ஐயோ, நம்ம பையன்தான் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்து அவசர அவசரமாகப் பச்சை பெயின்ட் அடித்து வைக்கிறார். பையன் வந்து பார்க்கிறான், இது சித்தி வேலை என்று முடிவு கட்டி நீலம் அடிக்கிறான். சித்தி வந்து சிவப்பு அடிக்கிறாள். ஆறு பேரும் அடித்து அடித்து சைக்கிளுக்கு உடம்பு பெருத்துவிட்டது அக்கா. பெல் அடித்தால் சத்தம் வரவில்லை.

இதை நான் முதலில் படித்தது எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ரூமில். இரும்புக் கயிறு கொண்டுவரப் போனவர்கள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சிரித்த சிரிப்பு லிஃப்ட் குழி வழியாகக் கீழே போய், வாட்ச்மேன் எனக்கு ஷாக் அடித்துவிட்டதாக நினைத்து எட்டு மாடியும் ஏறி ஓடி வந்துவிட்டார். லிஃப்ட்தான் ஓடவில்லையே.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழுத்து தெரிவதில்லை. ஜூலையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதனால் சாயங்காலம் வந்ததும் நான்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். அந்தச் சித்திக்கு நினைத்தால் மயக்கம் போடத் தெரியும். அவள் வந்தாலே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "உங்க அக்காவுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்புடா. சின்ன வயசுல அவ எப்படிச் சிரிப்பா!" என்றாள். அதனால்தான் இது உன் கைக்கு வருகிறது.

படித்துவிட்டு எழுது. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 25

சுண்டு,

நலம். உன் நலத்துக்கும், உன் மனைவி, மகள் நலத்துக்கும் எழுது. நாற்பதைத் தொடப் போகிறவனை இன்னும் சுண்டு என்று கூப்பிடுகிறாளே அத்தை என்று உன் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். மாமா எண்ணெயைத் தடவுகிறார். முழங்காலுக்கு இல்லை, கதவுக் கீலுக்கு. கதவு இப்போது நன்றாக நடக்கிறது.

புத்தகம் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மதியம் அரை மணி நேரம் மெஷின்களை நிறுத்துவார்கள். அப்போது துவைத்த போர்வை மூட்டை மேல் சாய்ந்துகொண்டு படிக்கிறேன். எனக்கு இங்கே 'இஸ்திரி' என்று பேர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? துணியைத் தேய்ப்பதால் இல்லை. என் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாதாம், அதனால். நேற்று இன்ஸ்பெக்டர் காயாத சைக்கிள் மேல் சாய்ந்து நின்று விசாரணை நடத்திவிட்டு, பின்பக்கமெல்லாம் பச்சையாகக் கடைத்தெரு முழுக்க நடந்து போகிற இடம் வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. என்னோடு விரிப்பு மடிக்கிறவள் கையிலிருந்த முனையை விட்டுவிட்டு, "இஸ்திரிக்குப் பல்லு இருக்குடி!" என்று எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள்.

சிரித்து முடித்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. மறுபடி விரிப்பு மடிக்கப் போய்விட்டேன்.

மெதுவாகத்தான் படிப்பேன். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். மாமாவையும் கதவையும் கேட்டதாகச் சொல். இங்கே யாருக்கும் குறைவில்லை. மகளுக்கு லேசான சளி, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் பச்சை ஆன இடத்தில் சிரித்தாள். படித்து முடித்ததும், "எனக்குன்னு ஏதாவது எழுதியிருக்காளா?" என்று கேட்டாள். "எல்லாரையும் கேட்டிருக்காம்மா" என்றேன். நீ எல்லாரையும் கேட்டிருந்தாய், அம்மாவைத் தவிர. ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அலுக்கவில்லை, ஆனால் அவளுக்குப் புரியாமலா இருக்கும்?

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனாய். ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்கு முன்னாலும் நீ வந்த தடவைகளை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். உனக்குக் கிடைத்த நர்ஸ் படிப்பைத் தடுத்தது அப்பா. அந்தக் கோபம் அப்பாவோடு போயிருக்க வேண்டாமா? அம்மா என்ன செய்தாள்? ஆபரேஷன் ஜூலை பத்தொன்பதாம் தேதி. இரண்டு நாள் முன்னால் வந்தாயானால் அவளுக்கு எவ்வளவோ தெம்பு. நான் வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன்.

ஒன்பதாவது அத்தியாயம் வந்துவிட்டாயா? அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் தம்பி


ஏப்ரல் 18

சுண்டு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உடம்பு இல்லை. நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். மகளுக்குச் சளி விட்டதா?

ஒன்பதாவது அத்தியாயம் படித்துவிட்டேன். ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பெயின்ட் டப்பாவோடு கொல்லைக்கு வந்து முட்டிக்கொள்கிறார்கள். "நீ எடுக்கலையா?" "நான் உனக்காகத்தானே அடிச்சேன்!" எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது. புத்தகத்தை மூட்டைக்கடியில் செருகி வைத்துவிட்டு ஒரு மாதமாகத் தொடவில்லை.

நீ கேட்டாயே, அம்மா என்ன செய்தாள் என்று. நீ அப்போது பதினோரு வயதுப் பொடியன். உனக்கு என்ன நினைவிருக்குமோ. அத்தை நம் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது அவளுடைய கல்தோடு காணாமல் போனது. நான் எடுத்ததாக நானே சொன்னேன். எங்கே என்று கேட்டதற்குத் தொலைத்துவிட்டேன் என்றேன். "ஆஸ்பத்திரின்னா நாலு பேரு நம்பி உடம்பைக் கொடுக்கிற இடம். திருடின கை அதுக்கு ஆகாது" என்று அப்பா என் நர்ஸ் படிப்புச் சேர்க்கைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். இதுவரை உனக்கும் தெரியும்.

நான் எடுக்கவில்லை சுண்டு. எடுத்தவள் அம்மா. அன்றைக்கு மத்தியானம் அத்தை தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா அந்த அறையிலிருந்து எதையோ முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். சாயங்காலம் அத்தை பெட்டியைத் திறந்துவிட்டுக் கத்தினாள். அப்பா அம்மாவிடம், "நீ அந்த ரூமுக்குப் போனியா?" என்று கேட்டார். "போகவே இல்லைங்க" என்று அம்மா என் கண்ணெதிரில் சொன்னாள். அத்தை விடவில்லை. இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பு, இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றாள். அம்மா போய்விட்டால் உன்னை யார் பார்ப்பார்கள்? அதனால்தான் நான் வாயைத் திறந்தேன்.

அதற்கு நான் வருத்தப்படவில்லை. அடுத்த நாளாவது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வாள் என்று இருந்தேன். சொல்லவில்லை. காகிதம் கிழிந்தபோதும் சொல்லவில்லை. என் தலையை வாரிவிட்டாள், சோறு போட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போக இருந்தவள், அதே ஆஸ்பத்திரியில் இன்று போர்வை வெளுக்கிறேன். இனிமேல் என்னை வரச் சொல்லிக் கேட்காதே.

கிழிந்ததைத் தைத்துக்கொண்டே இவ்வளவு நாள் ஓட்டிவிட்டேன். இதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். மகளுக்குச் சளி விட்டது. வெயில் அதிகம். வேலையும் அதிகம். துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கல்யாணக் கோஷ்டி. நான் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றி இறக்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிட்டார்கள். இப்போது புதிதாக வரும் கயிறுகள் முன்பு போல் இல்லை. சீக்கிரம் நார் விடுகின்றன.

மாமாவுக்கு வணக்கம். மற்றவை பிறகு.

தம்பி


ஜூன் 9

சுண்டு,

இருபத்தாறு வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை உனக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்து நீ எனக்கு லிஃப்ட் கயிற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். அம்மாவைக் குறை சொன்னது பிடிக்கவில்லை என்றால் அதை எழுது. என்னைத் திட்டு. நல்ல கயிறு, கெட்ட கயிறு எனக்கு எதற்கு?

நாங்கள் நலம்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

சுகம் விசாரிக்கிற யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. நேரே சொல்கிறேன், சுற்றி வளைத்தால் மறுபடியும் கயிற்றில் போய் நின்றுவிடுவேன்.

தோட்டை எடுத்தது நான்.

எடுத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அத்தை அந்தத் தோட்டைப் பஞ்சில் சுற்றி ஒரு பழைய தைலம் டப்பாவில் வைத்திருந்தாள். எந்தத் திருடனும் தைலத்தைத் திருட மாட்டான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. எனக்கு அது வெறும் டப்பா. நூல்கண்டில் நூலைச் சுற்றி, டப்பாவைக் கட்டி, மாடி ஜன்னலிலிருந்து கீழே இறக்கி ஏற்றி விளையாடினேன். என் வாழ்க்கையின் முதல் லிஃப்ட் அதுதான். மூன்றாவது தடவை நூல் அறுந்து டப்பா தெருச் சாக்கடையில் விழுந்து போயே போய்விட்டது. சாயங்காலம் அத்தை "தைலம் டப்பா!" என்று கத்தியபோதுதான் அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பாவின் பெல்ட் ஆணியில் தொங்கியது. வாய் வரைக்கும் வந்தது அக்கா, சத்தியமாக வந்தது. அதற்குள் நீ "நான்தான்" என்றுவிட்டாய்.

இத்தனை வருஷமும் நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? என் கையில் நூல்கண்டைப் பார்த்துவிட்டுத்தான், என்னைக் காப்பாற்றத்தான் நீ அப்படிச் சொன்னாய் என்று நினைத்திருந்தேன். உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததால்தான் என்னால் தூங்க முடிந்தது. புத்தகத்தை அனுப்பியதும் அதனால்தான். குடும்பத்தில் ஒருத்தருக்காக ஒருத்தர் பழியை ஏற்கிற கதை, அக்கா படித்துச் சிரிப்பாள், நான் சொல்லாத நன்றி அதில் இருக்கும் என்று ஒரு கோழைக் கணக்கு. உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும்தான் உண்மை தெரிந்தது. நீ எனக்காகச் சொல்லவில்லை. உனக்குத் தெரியவே தெரியாது.

அதற்கப்புறம் அம்மாவுக்குப் புத்தகம் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை. "ஏன்டா நிறுத்திட்டே, கடைசி அத்தியாயம் அப்படியே நிக்குதே" என்று தினமும் கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பா, நூல், நீ எழுதியது எல்லாமே.

என்னைத் திட்டவில்லை. முதலில் கேட்டது, "அப்போ அவ எடுக்கலையா?" என்றுதான். "இல்லம்மா." "நிஜமா எடுக்கலையா?" மூன்று தடவை கேட்டாள். முகம் மலர்ந்துவிட்டது அக்கா. நீதான் எடுத்தாய் என்று அவள் நம்பியிருக்கிறாள். "காதுல போட ஒரு பொட்டுத் தங்கம் நான் அவளுக்குப் போடல. வயசுப் பொண்ணு, ஆசைப்பட்டு எடுத்துட்டா, தப்பு என்மேலதான்னு நெனச்சேன். கேட்டா அவ இன்னும் கூசிப் போவாளேன்னு கேட்கல" என்றாள்.

முந்தானைக்குள் இருந்தது என்ன என்று கேட்டேன். யோசித்தாள். பிறகு சிரித்தாள், சின்னப் பெண் மாதிரி. அத்தை பெட்டி நிறையத் துப்பறியும் கதைப் புத்தகம் கொண்டு வருவாளாம். ஆனால் அம்மா ஒரு பக்கம் புரட்டினாலும், படிக்கிறவள் அடுப்படிக்கு ஆக மாட்டாள் என்று ஊரைக் கூட்டுவாளாம். அத்தை தூங்குகிற நேரம் பார்த்து ஒன்றை எடுத்து வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து படித்துவிட்டு, அவள் எழுவதற்குள் திரும்ப வைத்துவிடுவாளாம். அந்தப் புத்தகத்துக்காகத்தான் அன்றைக்கு அப்பாவிடம், ரூமுக்குப் போகவில்லை என்று பொய் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை அவளுக்கு எழுதாதே" என்றாள். "நான் எடுத்ததாவே இருக்கட்டும். அவ கோவம் எனக்குப் பழகிருச்சு. நான் ஒண்ணும் பண்ணலைன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு தாங்க மாட்டா" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பேச்சை மீறி எழுதுகிறேன். இன்னொரு தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்து அதற்கு வேறு யாரோ விலை கொடுக்கக் கூடாது. உன் படிப்பு என்னால் போயிற்று. உனக்கு அம்மா இல்லாமல் போனதும் என்னால்.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரர் வரும் நேரம் வாசலில் நிற்கிறேன். அவரே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "இன்னைக்கும் இல்ல சார்" என்று தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். திட்டியாவது எழுது. ஒரு வரி போதும். ஆபரேஷன் தேதி அதேதான், பத்தொன்பது. நான் உனக்கு எழுதிவிட்டதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "எழுதிட்டியா?" என்றாள். அதோடு சரி. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

தம்பி


ஜூலை 12

சுண்டு,

இதை அம்மாவுக்கு உரக்கப் படி. எதையும் விடாதே. உன்னைப் பற்றி வரும் இடத்தில் குரலைக் குறைக்காதே.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பதினோரு வயதுப் பையன் மேல் இல்லை. அவன் பெல்ட்டைப் பார்த்தான், பயந்தான். இருபது வயதில், முப்பது வயதில், சொந்தமாக மீசை வைத்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தானே ஒருத்தன், அவன் மேல்தான் கோபம். அது போக நாளாகும். போகும். நீ எழுதாமலே இருந்திருக்கலாம், எழுதினாய். அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

இனி வருவது அம்மாவுக்கு.

அம்மா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கண் ரொம்ப உறுத்துகிறதா? இந்த இரண்டு கேள்வியை எழுத எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.

நீ சொன்னது சரிதான், தாங்க முடியவில்லை. மூன்று வாரமாக மெஷின் முன்னால் நின்றுகொண்டு அழுகிறேன். நீராவி என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நீ நிஜமாகவே எடுத்திருந்தால்கூட, ஒரு ஜோடித் தோட்டுக்கு இத்தனை வருஷத் தண்டனை அதிகம். எடுக்காமலே கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு தடவை, "அம்மா, உன் முந்தானைக்குள்ள என்ன?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மனசுக்குள்ளேயே நான் நீதிபதியாக உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், விடுதியில் தங்கியிருந்தபோது, நீ தனியாக பஸ் ஏறி இங்கே வந்தாய். அன்றைக்கு நல்ல மழை. நான் டூட்டியில் இருப்பதாக விடுதிக்காரம்மா உனக்குச் சொன்னாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். எனக்கு அன்றைக்கு விடுமுறை. நீ கேட் பக்கத்துத் தகரக் கொட்டகைக்கடியில் துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றாய். நான் மாடி அறையில் திரைக்குப் பின்னால் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நனையட்டும், தெரியட்டும் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் நினைத்தேன் அம்மா. போகும்போது நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

வேறு எதை மறந்தாலும் இதை மறக்க முடியாது. உன்னிடம் சொல்லாமல் உன் எதிரில் வந்து நிற்கவும் முடியாது. இதைக் கேட்ட பிறகும் நான் வரலாம் என்று நீ சொன்னால், பதினேழாம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன். வர வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான்.

உன் மகள்


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றைக்கே எழுதி, என் கையாலேயே மெயில் வண்டியில் போட்டுவிட்டு வருகிறேன். நாளை உன் கையில் இருக்கும்.

படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. என்னைப் பற்றிய இடத்தில் நான் குரலைக் குறைக்கவில்லை. அதுவாகவே உடைந்தது. அம்மா, "சத்தமா படிடா, அவ சொல்லியிருக்கால்ல" என்றாள். நன்றாக வேண்டும் எனக்கு.

மழையும் கேட்டும் வரும் இடத்தை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. "வரச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் சொல் ஒன்றுகூட இதில் இல்லை.

"இதென்னடா கேள்வி? வரச் சொல்லு. அவ அங்க நின்னது எனக்குத் தெரியும்டா. மழை நாளு, உள்ள விளக்கு எரிஞ்சுது, அந்த வெள்ளைத் திரை எதை மறைக்கும்? சடை நுனியை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னா. அவ யாருன்னு எனக்குத் தெரியாதா? கொண்டு போன பையை அந்த விடுதிக்காரம்மா கையிலயே கொடுத்துட்டு அப்பவே வந்திருக்கலாம். ஆனா எம்பொண்ணு என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாளே, பாதியில எப்படிடா கிளம்பறது? கடைசி பஸ்ஸு வந்துருச்சு, அதான் வந்தேன். போயிட்டு வரேன்னு சொல்லத்தான் திரும்பினேன். அதுக்குள்ள உள்ள போயிட்டா."

தம்பி